பிரிக்காத பீட்ரூட் டப்பா

கூடத்தில் மூன்று பேர்: ஞாயிற்றுக்கிழமை மாரத்தானுக்குப் பறந்துகொண்டிருந்த தம்பி, ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அக்கா, வாசலருகே நின்ற மாமா.

நேற்று நாற்பது கிலோமீட்டர் ஓடியதில் தம்பியின் தொடை கல்லாக இறுகியிருந்தது. காலையில் சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனது. உட்காரப் பிடிக்காமல் நொண்டி நொண்டி நடந்தான்.

“பீட்ரூட் பொடியாலக்கா அந்த நிறம். வலி சீக்கிரம் விடும்னு தினமும் குடிக்கிறேன்ல.”

அக்கா டப்பாவை எடுத்துவந்தாள். “பழசு தீர்ந்து அஞ்சு நாளாச்சு. புதுசை நீ இன்னும் பிரிக்கவே இல்ல. யாருக்குடா காது குத்துற? தசை உடைஞ்சு மூத்திரத்துல வருது. கிட்னி போயிடும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு.”

அவனுக்கும் அந்தப் பயம் காலையிலிருந்தே இருந்தது.

“ஞாயித்துக்கிழமை?”

“உசுரோட இருந்தா அடுத்த வருஷம் ஓடு.”

அவன் ஓடுகிற ஷூவைத் தேடினான். மாமா அதை உள்ளே எறிந்துவிட்டு, செருப்போடு அவனை வெளியே அழைத்துவந்து கதவைப் பூட்டினார்.