பண்பான குரல்

"ஐயா, வாயைக் கொஞ்சம் திறக்கிறீங்களா? ஒரே ஒரு ஸ்பூன் பால்தான்."

நர்ஸ் கேட்ட விதத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. கட்டில் மட்டத்துக்குக் குனிந்திருந்தாள். முகத்தைப் பார்த்துப் பேசினாள். குரலை உயர்த்தவில்லை. பதிலுக்காக ஸ்பூனைக் கையில் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தாள். கட்டிலில் கிடந்தவரோ உதட்டை இறுக்கிக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார்.

"பரவாயில்லைங்க ஐயா. எப்போ வேணும்னாலும் சொல்லுங்க" என்று கிண்ணத்தை மூடி வைத்துவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

மகள் கால்மாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, இன்றோ நாளையோ, வரவேண்டியவர்களை வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் காலையிலேயே சொல்லிவிட்டார். அண்ணன் வெளியூரிலிருந்து புறப்பட்டிருந்தான்.

"போயிடுச்சா?" என்றார் அப்பா, காற்று பாதியும் குரல் பாதியுமாக.

"யாருப்பா?"

"செக்கிங்கு."

"போயிட்டாங்க."

"என்மேல என்னமோ கோவம் பாப்பா அதுக்கு. நான்தான் ஏதோ வாய் தவறி சொல்லிட்டேன் போல. படுத்துக்கிட்டு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், என்ன சொன்னேன்னு பிடிபடல."

நர்ஸுக்கு என்ன ஆயிற்று என்று இந்த வார்டில் சரியாகத் தெரிந்தவள் மகள்தான். ஏனென்றால் செய்தது அவள்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். படியில் தொங்குகிறவன், சில்லறை இல்லாதவன், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டியபிறகு கத்துகிறவன் என்று வேலைநாள் முழுக்க வாய்ச்சண்டை போட்டே குடும்பத்தைக் காப்பாற்றினார். சண்டை போடாதவர்களை அவர் மனுஷக் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மருமகனையே ரொம்ப நாள் சந்தேகமாகத்தான் பார்த்தார், "உன் புருஷன் ஏன் எல்லாத்துக்கும் சரி சரிங்கறான்? உடம்புக்கு ஏதாவதா?" என்று. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த முதல் நாளே, மாத்திரையை விழுங்கினாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்த இந்த நர்ஸுக்கு 'செக்கிங்' என்று பெயர் வைத்தார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. 'கண்டக்டரே' என்று திருப்பிக் கூப்பிட்டாள். இருவருக்கும் தினசரிச் சண்டை தலைமுடியில் தொடங்கும். அவருக்குப் பின்பக்கமாக இழுத்து வார வேண்டும். அப்படி வாரினால் ரவுடி மாதிரி இருக்கிறது, பக்க வகிடுதான் பெரிய மனுஷனுக்கு லட்சணம் என்பாள் அவள். "என் தலை, என் ரூட்டு" என்பார் இவர்.

இதெல்லாம் மகளுக்குப் பக்கத்துக் கட்டில்காரர் பிறகு சொல்லித்தான் தெரியும். காலில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கும் மனிதர். அவள் வேலை முடிந்து சாயங்காலம்தான் வருவாள். போன வாரம் ஒருநாள் சீக்கிரம் வந்தபோது அவள் கண்டது இதுதான்: அப்பாவின் கட்டில் அருகே நர்ஸ் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டு, வார்டே கேட்க, "வாயைத் திறக்கப்போறீங்களா, இல்ல நடுரோட்டுல இறக்கிவிடட்டுமா? பெரிய மகாராஜா, ஊட்டிவிட ஆள் வேற கேக்குது!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு ரத்தம் கொதித்தது. கொதிக்காமல் என்ன செய்யும்? அவள் வேலையே அதுதான். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களோடு ஊழியர்கள் பேசும் போன் பேச்சுகளை நாள் முழுக்கக் கேட்டு மதிப்பெண் போடுகிறவள் அவள். குரல் உயர்ந்தால் கழி. குறுக்கே பேசினால் கழி. 'மன்னிக்கவும்' சொல்லாவிட்டால் கழி. நடக்கக்கூட முடியாமல் கிடக்கும் தகப்பனை ஒருத்தி இப்படிப் பேசுவதா? அப்பா அப்போது சிரித்துக்கொண்டிருந்தாரா என்று அவள் பார்க்கவே இல்லை. நேரே மேட்ரன் அறைக்குப் போனாள். கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தாள். ஒப்பிப்பதில் அவள் கெட்டிக்காரி.

மறுநாளே நர்ஸை வகுப்புக்கு அனுப்பினார்கள். நோயாளியோடும் உறவினர்களோடும் எப்படிப் பேசுவது என்று இரண்டு மத்தியானம் பாடம் நடந்ததாம். அதன்பிறகு கண்டக்டர் 'ஐயா' ஆனார், 'ஏம்மா' என்று கூப்பிடப்பட்ட மகள் 'மேடம்' ஆனாள். மகளுக்கு முதலில் திருப்தியாகத்தான் இருந்தது. மனசுக்குள் முழு மதிப்பெண்கூடப் போட்டாள். அப்பா சாப்பிடுவது குறைந்துகொண்டே போனதை நோயின் கணக்கில் எழுதிவிட்டாள்.

"டிவி இல்லாத வார்டும்மா இது" என்று நேற்றுத்தான் பக்கத்துக் கட்டில்காரர் அவளிடம் அங்கலாய்த்தார். "இவங்க ரெண்டு பேரும்தான் எங்களுக்கு டிவி. யாரோ புண்ணியவான் போய் வத்தி வெச்சுட்டான்."

அப்பா தூங்கிக்கொண்டிருந்தபோது சொன்னாரே, அது ஒன்றுதான் ஆறுதல். அப்பாவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே ஜாதி புகார் கொடுக்கிறவர்கள். எந்தக் காலத்திலோ ஒரு பயணி ஆபீஸில் சொன்னதால் அவருக்குப் பிடித்த ரூட்டிலிருந்து அவரை மாற்றிவிட்டார்கள். "நேருக்கு நேரா நாலு வார்த்தை திட்டுறவன் மனுஷன். முன்னாடி சிரிச்சுட்டுப் பின்னாடி போய் வத்தி வைக்கிறவன் மூஞ்சியிலேயே முழிக்கக் கூடாது" என்று சோற்றுத் தட்டின் முன்னால் அவர் சொல்லிக் கேட்டே வளர்ந்தவள் இவள்.

மகள் நர்ஸைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். நர்ஸ் தலையணை உறைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டர், அப்பா உங்களுக்கு அவர்மேல கோவம்னு நினைச்சிட்டிருக்கார்."

"கோவமெல்லாம் இல்லைங்க மேடம். நான் ஏதாவது தவறா நடந்திருந்தா மன்னிச்சுக்கங்க."

"ஐயோ, அதில்ல சிஸ்டர். நீங்க முன்னாடி பேசுவீங்கல்ல, அந்த மாதிரியே பேசுங்க. நல்லாத் திட்டுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

நர்ஸ் கையிலிருந்த உறையை மடித்து முடித்தாள். அதை அடுக்கின்மேல் வைத்து நீவிவிட்டாள்.

"நான் அன்னிக்கு என்ன பேசினேன்னு மேட்ரன் எல்லார் முன்னாடியும் சொல்லிக் காட்டினாங்க மேடம். வார்த்தைக்கு வார்த்தை. கேக்க எனக்கே அசிங்கமா இருந்துச்சு. இப்படியா பேசறோம்னு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இப்போ உங்க அப்பாகிட்ட வாயைத் திறந்தாலே அதுதான் காதுல கேக்குது. திட்டணும்னு நினைச்சுத்தான் போறேன். வரமாட்டேங்குது."

"அப்போ ஏன் திட்டறதில்லன்னாவது அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? உங்க பொண்ணு புகார் குடுத்துட்டாங்க, அதான்னா?" நர்ஸ் அடுத்த உறையை எடுத்து உதறினாள். "இருக்கப்போறதே கொஞ்ச நேரம். தகப்பனுக்கும் பொண்ணுக்கும் நடுவுல நான் எதுக்கு? சொல்றதா இருந்தா நீங்க சொல்லுங்க."

சொல்லிவிட வேண்டியதுதான். இதில் என்ன பெரிய மலை? அப்பா, அது என்னாலதான். நாலு வார்த்தைகூட இல்லை. கட்டிலுக்கு வந்து சேருவதற்குள் அந்த மூன்று வார்த்தையைச் சொல்லும் தைரியமும் போய்விட்டது. வேறு வழி தேடினாள். பால் கிண்ணத்தை எடுத்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன கண்டக்டரே, வாயைத் திறக்கப்போறீங்களா இல்லையா?"

அப்பா திரும்பிப் பார்த்தார். நெற்றி சுருங்கியது. பிறகு அந்த நிலையிலும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரம் பிடித்தது. அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள்.

"உனக்கு வரல பாப்பா. விட்டுடு" என்றார். அவள் கொடுத்த ஒரு ஸ்பூனை மட்டும் மரியாதைக்கு விழுங்கினார். பாதி வெளியே வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "தலைக்குத்தான் கோவமோ என்னவோ" என்றார்.

"எந்தத் தலைப்பா?"

"என் தலைதான். பின்னாடி வாரு, பின்னாடி வாருன்னு ரொம்பப் படுத்திட்டேன். அது வந்தா சொல்லு. அது இஷ்டத்துக்கே வாரிக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"அப்பா..."

"சொல்லிடு என்ன?"

"அப்பா, அது உங்க தப்பு இல்ல. அது வந்து..."

அவர் கண்ணை மூடியிருந்தார். மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. தூங்குகிறார், தொந்தரவு பண்ணக் கூடாது, எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததும் உடம்பெல்லாம் லேசானது. அந்த லேசுக்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. போன் அடித்தது. அண்ணன். வழியில் ஏதோ பாலத்து வேலையாம், வண்டி நகரவில்லையாம். வராந்தாவில் நின்று அவனுக்கு வேறு பாதை சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து பக்கத்துக் கட்டில்காரர், "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று கத்துவது கேட்டது.

அவள் ஓடி வருவதற்குள் நர்ஸ் அங்கே இருந்தாள். டாக்டரும் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாம் முடிந்துவிட்டது. இவ்வளவுதானா என்று இருந்தது அவளுக்கு. அழுகை வந்தது, ஆனால் அழுகைக்கு அடியில், சொல்லலையே, சொல்லலையே என்று ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

நர்ஸ் அவள் தோளில் கைவைத்தாள். "உங்க வருத்தம் எங்களுக்குப் புரியுது மேடம். எவ்வளவு நேரம் வேணும்னாலும் அப்பாகூட இருங்க. அப்புறம் நாங்க அவரைச் சுத்தம் பண்ணித் தர்றோம்." தோளில் கை எவ்வளவு நேரம் இருக்க வேண்டுமோ அவ்வளவு நேரம் இருந்தது. வார்த்தை ஒன்றுகூட அதிகமில்லை, குறைவுமில்லை.

வேளை வந்ததும் நர்ஸ் வாளியில் தண்ணீரும் துணியும் கொண்டுவந்து, கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிட்டாள். மகள் திரைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். துணி பிழியும் சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இப்படியா இறங்குவாங்க?"

மகள் தலையைத் தூக்கினாள்.

"சொல்லாம கொள்ளாம? ஸ்டாப்பு வந்துச்சுன்னா ஒரு விசில் ஊதத் தெரியாது? பெரிய கண்டக்டர்! கையை விடுங்க. விடுங்கன்றேன்ல? இப்பவும் பிடிவாதம்." துணி தண்ணீரில் விழுந்தது. "ஒரு ஸ்பூன் பாலு. குடிச்சா கிரீடம் கீழே விழுந்துடுமோ? திட்டினாத்தான் இறங்குமோ உங்களுக்கு? ஒரு வாரமா நான் ஊமை மாதிரி வந்துட்டுப் போறேன். ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையான்னு நீங்களாவது ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா? ஊர்ல எல்லார்கிட்டயும் வாய் கிழியும். என்கிட்ட மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு..."

குரல் நின்றது. மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. திரும்பத் தொடங்கியபோது தணிந்திருந்தது.

"சரி, விடுங்க. பின்னாடியே வாரிடறேன். நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டும். ரவுடி மாதிரிதான் இருக்கு, ஆமா, சொல்லிட்டேன்."

ஆயிரக்கணக்கான குரல்களுக்கு மதிப்பெண் போட்ட மகள், ஸ்டூலின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

திரையின் வளையங்கள் சரசரவென்று நகர்ந்தன. நர்ஸின் கண் சிவந்திருந்தது. திரையோரத்திலேயே உட்கார்ந்திருப்பவளைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு நொடியில் மாறியது. குரலும் மாறியது.

"வாங்க மேடம். இப்போ நீங்க அப்பாவைப் பார்க்கலாம்."

அப்பா சலவைச் சட்டையில் கிடந்தார். ஈரத் தலைமுடி பின்பக்கமாக இழுத்துப் படிய வாரப்பட்டிருந்தது. வேலைக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தார்.

"சிஸ்டர்" என்றாள் மகள்.

"சொல்லுங்க மேடம்." நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பொறுமையாகக் காத்திருந்தாள்.

"உங்க இஷ்டத்துக்கே வாரிக்கச் சொன்னார். அப்பா. தலையை." அவள் பின்பக்கம் வாரியிருந்த அந்தத் தலையைப் பார்த்தாள். "அதுக்குத்தான் உங்களுக்குக் கோவமோன்னு... உங்ககிட்ட சொல்லிடச் சொன்னார்."

"எப்போ சொன்னார்?"

"மத்தியானம். போன் வர்றதுக்கு முன்னாடி."

"அதை இப்பவா வந்து சொல்றது?" நர்ஸின் குரல் வார்டின் அந்தக் கோடிவரை போனது. "அப்பவே ஒரு எட்டு வந்து என்கிட்ட சொல்றதுக்கு என்ன? கால்ல கட்டா போட்டிருக்கு உனக்கு?"

பக்கத்துக் கட்டில்காரர் இந்தப் பக்கம் திரும்பினார்.

நர்ஸ் சீப்பை எடுத்து வாளித் தண்ணீரில் நனைத்தாள். உதறினாள். கட்டிலருகே போனவள், திரும்பிப் பார்க்காமலே, "தள்ளி நில்லும்மா அந்தப் பக்கம். வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டு" என்றாள்.

மகள் தள்ளி நின்றாள்.