நல்ல முழுவியளம்

"முதல்ல தங்கேஸ்வரி போகட்டும்" என்றார் இராசலிங்கம்.

அந்த வீட்டில் ஆறு வருடங்களாக அவளுடைய பெயரோடு 'முதல்ல' என்ற சொல்லை யாரும் சேர்த்துச் சொன்னதில்லை. அடுப்படியிலிருந்து வந்து குசினிக் கதவருகே நின்ற தங்கேஸ்வரிக்குத் தன் காதுமேலேயே சந்தேகம் வந்தது.

எண்பத்தொன்பது பெப்ரவரி, மாத்தளை. வாக்களிப்பு நாள், காலை ஆறு மணி. சாப்பாட்டு மேசையில் மூன்று வாக்காளர் அட்டைகளும் மூன்று அடையாள அட்டைகளும் கிடந்தன. தேர்தலே கூடாது என்றவர்கள் அலுவிகாரைப் பக்கம் வீடு வீடாக அடையாள அட்டைகளைப் பறித்துக்கொண்டு போனதால், இரண்டு மாதமாக அவை அரிசி வாளியின் அடியில் இருந்தன. இராசலிங்கத்தின் மனைவி சுசீலாதேவி சேலைத் தலைப்பால் தவிட்டைத் துடைத்தாள். கணவனுடையதையும் தன்னுடையதையும்.

சந்திக் கடைச் சுவரில் சிங்களத்தில் ஒரு கையெழுத்துச் சுவரொட்டி இருந்தது. வாக்களிக்கும் முதல் பத்துப் பேருக்கு மரணம். இருபத்திரண்டு வருடம் அரசாங்கக் கந்தோரில் இலிகிதராக இருந்த இராசலிங்கம் அதையும் ஒரு சுற்றறிக்கையாகவே வாசித்திருந்தார்.

"முதல் பத்துப் பேர்னுதான் போட்டிருக்கு. பதினோராவது ஆளுக்கு அது பொருந்தாது."

"பத்து முடிஞ்சுதான்னு எப்படிங்க தெரியும்?"

"அதுக்குத்தானே ஆள் அனுப்புறோம்."

போகாமலும் இருக்க முடியாது. சண்டை நடக்கும் வவுனியாவுக்குப் போகச்சொல்லி வந்த இடமாற்ற உத்தரவு மேசை லாச்சியில் கிடந்தது. அதை நிறுத்தித் தருவதாகச் சொன்ன கட்சி அமைப்பாளர், மறுநாள் சுண்டுவிரலில் மையோடு வந்து காட்டச் சொல்லியிருந்தார். மை இருந்தால் விரலை வெட்டுவார்கள் என்றும் ஊரில் பேச்சு. எனவே விரலைச் சுற்றி மறைக்க இராசலிங்கம் மருந்துத் துணி வெட்டி வைத்திருந்தார். வாக்காளர் மூன்று பேர். துணி இரண்டு துண்டு.

"அவளுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்று சுசீலாதேவி கேட்டாள். ஒரு வார்த்தை கேட்டு வைப்பது மரியாதை.

"நமக்குப் புள்ளைங்க இருக்கு. அவளுக்கு யாரு இருக்கா?"

"அதுவும் சரிதான்."

தங்கேஸ்வரி இராசலிங்கத்தின் தம்பி சபாரத்தினத்தின் மனைவி. மஞ்சள் காமாலையில் அவன் போனபோது அவளுக்கு வயது இருபத்தைந்து. இராசலிங்கத்தின் பாட்டனார் வடக்கிலிருந்து உத்தியோகத்துக்கு வந்தவர். மூன்று தலைமுறையில் யாழ்ப்பாணப் பேச்சு மாத்தளை மலைக்காற்றில் கரைந்துபோயிற்று. ஒரு சொல் மட்டும் கரையவில்லை: முழுவியளம். வீட்டைவிட்டுப் புறப்படும்போது எதிரே முதலில் தென்படுவது. சுமங்கலி தென்பட்டால் நல்லது. நிறைகுடம் நல்லது. தங்கேஸ்வரி தென்பட்டால் திரும்பி வந்து, செருப்பைக் கழற்றி, தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் உட்கார்ந்து மறுபடி புறப்பட வேண்டும். ஆகவே தினமும் ஏழே முக்காலுக்கு அவள் குசினிக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். கேட் சாத்தும் சத்தம் கேட்டபிறகுதான் வெளியே வரலாம்.

இராசலிங்கம் அவளுடைய அடையாள அட்டையைக் கண்ணுக்கருகே பிடித்தார். சபாரத்தினம் இருந்த காலத்துப் படம். நெற்றியில் கறுப்பாக ஒரு பொட்டு.

"படத்துல பொட்டு இருக்கு. ஆள்கிட்ட இல்ல. ஆள் மாறாட்டம்னு திருப்பி அனுப்பிட்டா பத்துல ஒண்ணு குறையும்."

சுசீலாதேவி ஒரு கணம்தான் யோசித்தாள். சாமித்தட்டிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்துவந்து, தன் விரலாலேயே தங்கேஸ்வரியின் நெற்றியில் அழுத்தி வைத்துவிட்டாள்.

"அரை மணித்தியாலத்துக்குத்தான். வந்ததும் கழுவிடு."

"சரிக்கா."

அவள் புறப்பட்டபோது எதிரே என்ன வருகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடத்தில் ஏழு பேர் நின்றார்கள். அவள் எட்டாவது. அவளுக்குப் பின்னால் வந்து நின்றவர் பக்கத்து வீட்டுப் பலீல் நானா. அவளுடைய நெற்றியைப் பார்த்தார்.

வாக்குச்சாவடி அதிகாரி படத்தைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், "ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். அவ்வளவுதான். யார் விதவை, யார் சுமங்கலி என்று அந்த மேசைக்குத் தெரியாது. சுண்டுவிரலில் மை ஏறியது. பத்தாவது ஆளும் விரலில் மையோடு வெளியே வரும்வரை நின்று பார்த்துவிட்டுப் புறப்பட்டாள்.

திரும்பி வரும் வழியில் பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. தங்கேஸ்வரி ஓடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மேசையில் கிடந்த இரண்டு துண்டுத் துணிகள்தான் அப்போது மனதில் வந்தன. மோட்டார் சைக்கிள் அவளைத் தாண்டிப் போயிற்று. பேக்கரியிலிருந்து பாண் கொண்டுபோகிறவர்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது இராசலிங்கமும் சுசீலாதேவியும் வெளிக்கிட்டு வாசலில் நின்றார்கள். வெளியே போக வழி அந்த ஒரு கேட்தான், பின்புறம் மலைச்சரிவு. தங்கேஸ்வரி கேட்டைத் திறந்துவைத்து நடுவில் நின்றாள்.

"பத்துப் பேர் முடிஞ்சுது, அத்தான். ஒண்ணும் ஆகல. வாங்க."

"சரி, நீ குசினிக்குப் போ. நாங்க புறப்படணும்" என்றாள் சுசீலாதேவி.

"நான் நின்னா என்னக்கா? பொட்டு இருக்கே. நீங்க வெச்சதுதானே."

"அதை அழிச்சிட்டு உள்ள போடி."

"அழிச்சா உங்களுக்கு எதிர்ல விதவை நிக்கிறா. அழிக்காட்டி சுமங்கலி நிக்கிறா. எது வேணும்னு சொல்லுங்க."

இராசலிங்கம் சட்டப்படி யோசித்தார். "பொட்டு இருக்கிறதால, இப்போதைக்கு நல்ல முழுவியளம்னு எடுத்துக்கலாம்..."

"அப்ப நான் யாரு? அவளும் நானும் ஒண்ணா?" சுசீலாதேவியின் குரல் உடைந்தது. "அவளை நல்ல முழுவியளம்னு வாயால சொல்லிட்டு இந்தப் படி இறங்குவீங்களா?"

வேலிக்கு மேலாகப் பலீல் நானாவின் தலை தெரிந்தது. அவருடைய விரலில் துணி இல்லை.

"இன்னும் போகலியா ஐயா? தங்கச்சி முன்னுக்கு நின்டா, நான் பின்னுக்கு நின்ட. இப்ப நல்ல கூட்டம் வந்தீக்கி. பயமில்ல."

இராசலிங்கம் ஒரு காலைத் தூக்கினார். தங்கேஸ்வரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். உள்ளே போய்த் தண்ணீர் குடித்தார். உட்கார்ந்தார். மறுபடி வந்தார். அவள் அங்கேயே நின்றாள். பத்து மணிக்குக் கேட் படியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பன்னிரண்டு மணிக்கு எட்டிப் பார்த்தார், இரண்டரைக்கும் பார்த்தார். சுவரொட்டிக்காரரின் துவக்குக்குப் பயந்தவர்களுக்குப் பத்துப் பேர் என்ற ஒரு கணக்காவது இருந்தது. இந்தச் சகுனத்துக்கு அதுவும் இல்லை.

நாலு மணிக்கு வாக்குப்பெட்டியை ஏற்றிய வேன் பொலிஸ் ஜீப்போடு கடந்து போயிற்று. தங்கேஸ்வரி எழுந்து உள்ளே வந்தாள். தன் அடையாள அட்டையை அரிசி வாளியில் போடவில்லை. தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். முகம் கழுவினாள். பிறகு, சாமித்தட்டுக்குப் போய்ச் சிமிழைத் திறந்து, இந்தமுறை தன் விரலால் வைத்துக்கொண்டாள்.

மார்ச் மாதம் இராசலிங்கம், இடமாற்ற உத்தரவுப்படி, வவுனியாவுக்குப் புறப்பட்டார். நிறைகுடத்தோடு, தலை நிறையப் பூவோடு, சுசீலாதேவியே எதிரே வந்தாள். முழுவியளம் மிக நன்றாக இருந்தது.