மூன்று மணி நேர ஓய்வு

பஸ் கம்பெனியில் எல்லோரும் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவருக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான். அப்பேர்ப்பட்ட நிதானத்துக்கே இன்று காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண் அசந்துவிட்டது. ஒரு நொடிதான். விழித்துப் பார்த்தால் வண்டி எதிர்ப்பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது. எதிரே எதுவும் வராத புண்ணியத்தில் முப்பத்தெட்டுப் பயணிகளும் பிழைத்தார்கள். இறங்கும்போது ஒருவர் நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து ஓட்ட வேண்டிய பகல் பன்னிரண்டு மணி வண்டியிலிருந்து எப்படியாவது கழன்றுகொண்டு வீட்டில் போய் விழ வேண்டும் என்ற ஒரே நினைப்போடு டிப்போவுக்குள் நுழைந்தவரை, வாசலிலேயே மடக்கி ஒரு ஹாலுக்குள் தள்ளினார்கள். ஓட்டுநர் களைப்பைப் பற்றி விழிப்புணர்வு வகுப்பாம். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் கட்டாயம் வர வேண்டுமாம். களைத்தவர்களைப் பிடித்து உட்கார வைக்க இதைவிடத் தோதான நேரம் உண்டா!

பாதுகாப்பு அதிகாரி சுவரில் படம் காட்டி வெளுத்து வாங்கினார். நன்றாகத் தூங்கிய மூளை ஒன்று, தூங்காத மூளை ஒன்று. ஏசிக் குளிரில் பாதிப் பேருக்குத் தலை தொங்கிவிட்டது. தொங்கியவர்களுக்கு மெமோ கொடுப்பதற்காக ஒருவர் பெயர் குறித்துக்கொண்டார்.

"மனசைத் தொட்டுச் சொல்லுங்க. வண்டி ஓட்டும்போது யாராவது கண் அசந்திருக்கீங்களா? தைரியமா கை தூக்கலாம். நடவடிக்கையெல்லாம்... பெருசா இருக்காது."

ஒரு கையும் எழவில்லை. தூக்கினால் வேலை போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நிதானமும் தன் கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று அவருக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வகுப்பு முடிந்ததும் டியூட்டி போடும் கிளார்க்கிடம் போனார்.

"தம்பி, பன்னண்டு மணி வண்டிக்கு வேற ஆளைப் போடுப்பா. எனக்கு முடியல."

"என்னண்ணே, இப்பதானே மூணு மணி நேரம் ரெஸ்ட் எடுத்தீங்க?"

"நானா? எப்ப?"

"வகுப்புல சும்மா உக்காந்துதானே இருந்தீங்க? வண்டி ஓட்டாத நேரமெல்லாம் ரெஸ்ட்டுதான். கம்ப்யூட்டர் அப்படித்தான் எடுத்துக்குது."

கிளார்க் திரையைத் திருப்பிக் காட்டினான். அதில் நிதானம் மூன்று மணி நேரம் பச்சை நிறத்தில் ஓய்வெடுத்திருந்தார்.

வேறு வழியில்லாமல் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். பயணிகள் ஏறி முடித்தபின், கடைசி ஆளாகப் பாதுகாப்பு அதிகாரி வந்து சரியாக அவர் முதுகுக்குப் பின் சீட்டைப் பிடித்தார்.

"சார், உங்க கார் என்னாச்சு?"

"வகுப்புக்குத் தயார் பண்ணதுல ராத்திரி தூக்கமே இல்லப்பா. இந்த லட்சணத்துல நான் கார் ஓட்டலாமா? அதான் பஸ்லயே தூங்கிக்கிட்டுப் போயிடலாம்னு வந்துட்டேன்."

சொல்லிக்கொண்டே சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். நிதானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய் அவர் காதோரம் குனிந்தார்.

"சார், நீங்க கேட்டப்ப நான் கை தூக்கல. இன்னைக்குக் காலையில கண்ணு அசந்து எதிர்ப்பக்கம் போயிட்டேன். அதுக்கப்புறம் இன்னும் படுக்கல."

அதிகாரியின் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

"அடடா, ஆபீஸ்ல ஒரு அவசர வேலை. மறந்தே போச்சு பாருங்க!"

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். படியிலிருந்து திரும்பி, "நீங்க கிளம்புங்க, லேட்டாகுது. பார்த்து, நிதானமா போங்க," என்றார்.

நிதானம் வண்டிக்குள் திரும்பிப் பார்த்தார். நாற்பது பேர். ஒருத்தி மடியில் குழந்தையைக் கிடத்தித் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காதில் யார் சொல்வது? வேலை போனால் போகட்டும் என்று சாவியை உருவிக்கொண்டு படியிறங்கினார்.

"என்ன டிரைவரே, வண்டியை எடுக்காம எங்க போறீங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்.

"பாதுகாப்பு அதிகாரியே பயந்து இறங்கிட்டாரு. நீங்களும் இறங்குங்க," என்றார் நிதானம்.