மணிக்கட்டு அளவு

கவிழ்த்து வைத்திருந்த பானைகளை முத்துக்கனி ஒவ்வொன்றாக நிமிர்த்திக்கொண்டிருந்தாள். நிமிர்த்தி, குனிந்து உள்ளே பார்த்து, மறுபடி அதே இடத்தில் கவிழ்த்துவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். சிறு சத்தம்கூட வரவில்லை. ஏழு வயதுப் பிள்ளை இவ்வளவு கவனமாக எதைத் தேடுகிறது என்று யேசுரத்தினம் அடுக்களை வாசலில் நின்று பார்த்தான்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து வந்து குளித்த ஈரவேட்டி இன்னும் காயவில்லை. ஜெயபாயை அடக்கம் செய்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. காய்ச்சல் பன்னிரண்டு நாள். கல்யாணமாகி நான்கு வருடம். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டையும்தான் கேட்டார்கள். அவனும் சொல்லிக்கொண்டிருந்தான்.

சவப்பெட்டி வாசலைத் தாண்டியதும் பெண்கள் வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொட்டிப் பானைகளைக் கவிழ்த்திருந்தார்கள். அடுப்புச் சாம்பலை அள்ளிவிட்டுச் சாணி மெழுகியிருந்தார்கள். மூன்று நாள் அங்கே தீ மூட்டக் கூடாது. ஞானஸ்நானம் வாங்கி மூன்று தலைமுறை ஆகியும் இந்த வழக்கத்தை ஊரில் யாரும் விடவில்லை. ஜெயபாயின் அண்ணன் ஜேசுதாஸ் வீட்டிலிருந்து, ஒரு மைல் நடந்து, கஞ்சி வரும்.

முத்துக்கனி மூலைக்குப் போனாள். அரிசிப் பானை. அதையும் கவிழ்த்திருந்தார்கள். நிமிர்த்தி, தோள்வரை கையை உள்ளே விட்டாள். வெளியே எடுத்து விரல்களைப் பார்த்தாள்.

"என்ன தேடுத மக்கா?"

"ஒண்ணுமில்ல சித்தப்பா."

அவள் ஜெயபாயின் அக்காள் மகள். அக்காள் இரண்டாவது பிரசவத்தில் இறந்தாள். அவள் புருஷன் தேயிலை மலைக்கு வேலைக்குப் போய்த் திரும்பவில்லை. பிள்ளை எட்டு மாதம் ஜேசுதாஸ் வீட்டில் இருந்தது. பிறகு ஒரு நாள் ஜெயபாய், "நம்ம வீட்டுல வளரட்டா?" என்று கேட்டாள். அவன் "சரி" என்றான். அந்தச் சரியோடு தன் பங்கு முடிந்ததாக மூன்று வருடம் இருந்துவிட்டான்.

பந்தலில் ஜேசுதாஸின் மனைவி தங்கபாய் பிள்ளையின் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்த ஆம்பள, பொட்டப்பிள்ளைய வச்சு என்ன செய்யப்போறிய அண்ணே? எனக்க அஞ்சோட ஆறு. வெளிச்சம் இருக்கும்போதே எறங்கீருவோம்."

"அதுதான் மாப்பிள சரி," என்றார் ஜேசுதாஸ்.

யேசுரத்தினம் பேசவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள்.

தங்கபாய் ஒரு பாவாடையை உதறினாள். வாட்டுக்கிழங்கு சிதறியது, அவித்துக் காயவைத்த மரச்சீனிக் கிழங்குத் துண்டுகள், பத்துப் பன்னிரண்டு.

"பாத்தியளா, கள்ளிக்க கை இன்னும் அடங்கல்ல! எங்க வீட்டுலயும் இதே சோலிதான். கடைசியில அலமாரிக்குப் பூட்டு போட்டேன்."

பெண்கள் சிரித்தார்கள். சாவு வீடு என்பது நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். தங்கபாயின் பேச்சில் கெட்ட எண்ணம் இல்லை. பிள்ளை அழவில்லை. எந்தத் துண்டு எங்கே உருண்டது என்று கண்ணால் குறித்துக்கொண்டு நின்றது.

காலடியில் கிடந்த ஒன்றை யேசுரத்தினம் எடுத்தான். சாய்வாக வெட்டப்பட்டிருந்தது. இன்னொன்றை எடுத்தான். அதுவும் சாய்வு. கல்லூரியில் தாவரவியல் படித்தபோது தண்டைச் சாய்வாக வெட்டிப் பார்த்ததை ஜெயபாயிடம் ஒரு முறை சொல்லியிருந்தான். அன்றிலிருந்து அவள் கிழங்கை அப்படித்தான் வெட்டினாள், அவனைக் கேலி செய்ய. துண்டுகள் எல்லாம் ஒரே கனம். அவசரத்தில் திருடியவை அப்படி இருக்காது. பிள்ளைக்கென்று யாரோ உட்கார்ந்து வெட்டிய கிழங்கு.

வேலிப்பக்கம் போனான். அங்கே அடுத்த வீட்டுச் செல்லத்தாய் ஓலை முடைந்துகொண்டிருந்தாள். இறந்துபோன தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்ப்பவள். சாயங்காலம் தவறாமல் ஜெயபாய் அரைமணி நேரம் அவளோடு வேலியோரம் நிற்பாள். ஊர்க்கதை என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

"அக்கா, இது ஜெயபாய் பிள்ளைக்குக் குடுத்ததா?"

"அவ குடுத்ததுதான். நான் சொல்லித்தான் குடுத்தா. அடிச்சா பிள்ளை இன்னும் கொஞ்சம் ஒளிச்சு வைக்கும் சாரே. நம்மளே குடுத்து, இது உனக்கு உள்ளது, நீயே வச்சுக்கண்ணு சொல்லீரணும்."

"பானைய எல்லாம் நிமுத்திப் பாக்கா."

"அந்தியானா அரிசிப் பானையில கைய விடச் சொல்லுவா ஜெயபாய். அரிசி மணிக்கட்டு வரைக்கா, முழங்கை வரைக்காண்ணு பிள்ளை சொல்லணும். நாளைக்கும் சோறு உண்டுண்ணு கைக்குத் தெரியணுமில்லா? பொறவுதான் அது ஒறங்கும்." செல்லத்தாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரேஷன் கொறஞ்ச வாரம் அடியில தேங்காச் சிரட்டையக் கவுத்திப் போட்டு மேல அரிசியக் கொட்டுவா. கள்ளி பிள்ளை இல்ல சாரே, உமக்க பெண்டாட்டிதான்."

அவன் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தான்.

"எனக்கிட்ட இதொண்ணும் சொல்லல்ல."

"நீரு கேட்டீரா?"

அவன் துண்டை வேட்டி மடியில் செருகினான்.

"எப்போ சரியாவும்?"

"எனக்க பெரியவளுக்கு நாலு வருசம் ஆச்சு. சின்னவளுக்கு ஒரு மாசம். அதுக்கு ஒரு கணக்கும் கெடையாது. இண்ணைக்குப் பானையில எவ்வளவு இருக்கு?"

"காலி. கஞ்சிக்குண்ணு அரிசி எல்லாத்தையும் தங்கபாய் அவ வீட்டுக்குக் குடுத்துவிட்டுட்டா."

"எனக்க அய்யா!" செல்லத்தாய் ஓலையைக் கீழே வைத்தாள்.

"நாலு நாழி அரிசி தாங்க அக்கா."

"சாவு வீட்டுக்கா..." என்று தொடங்கினாள். முடிக்காமல் உள்ளே போனாள்.

அரிசி இருந்த சுளகை அவன் பந்தல் வழியாகத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. பேச்சு நின்றது. அடுக்களையில் அரிசிப் பானையை நிமிர்த்திக் கொட்டினான்.

"முத்துக்கனி, கைய விட்டுப் பாரு."

அவள் வாசலில் நின்ற தங்கபாயைப் பார்த்தாள். மூட்டையைப் பார்த்தாள். பிறகு கையை விட்டாள்.

"மணிக்கட்டு எத்தல்ல சித்தப்பா. விரலு மட்டும்தான் மறையுது." கொஞ்சம் யோசித்தாள். "அடியில சிரட்ட போட்டா எத்தும்."

அவன் அவளையே பார்த்தான்.

"உனக்கு அது தெரியுமா?"

"தெரியும். எனக்குத் தெரியும்ணு சித்திக்குத்தான் தெரியாது."

அவன் சட்டென்று ஜெயபாயிடம் சொல்லத் திரும்பினான். தங்கபாய்தான் நின்றாள்.

"என்ன அண்ணே இது?"

"பிள்ளை இங்கயே நிக்கட்டு தங்கபாய்."

"நான் பட்டினி போட்டேன்னா சொல்லுதிய?" அவள் கண் நிறைந்துவிட்டது. "எனக்க பிள்ளையளுக்கு என்னவோ அதுதான் இதுக்கும் குடுத்தேன்."

"நீ பட்டினி போடல்ல. இவளுக்குப் பயம் போவல்ல, அவ்வளவுதான். பூட்டுக்கு அந்தப் பக்கம் இருக்க சோறு இவ கண்ணுக்குத் தெரியாதுல்லா."

ஜேசுதாஸ் உள்ளே வந்தார். "சரி, ஆரு பாத்துக்கிடுவா? ஒனக்கு என்ன தெரியும் மாப்பிள?"

"ஒண்ணும் தெரியாது. வேலிக்கிட்ட போய்க் கேட்டுப் படிக்கணும்."

"பி.எஸ்சி. படிச்ச ஆளு, வேலியில படிக்கப் போறாராம்," என்று பந்தலில் யாரோ சொன்னார்கள்.

அவன் மெழுகிய அடுப்பின் முன் உட்கார்ந்து சருகையும் தென்னங்கொதும்பையும் அடுக்கினான்.

"மூணு நாளு பத்த வைக்கப்படாது மாப்பிள."

"தெரியும்," என்றான். தீக்குச்சியை உரசினான்.

ஜேசுதாஸ் வெளியே போனார். தங்கபாய் சற்று நேரம் நின்றாள். பிறகு மூட்டையைத் தரையில் வைத்து முடிச்சை அவிழ்த்தாள். சிதறிய கிழங்குத் துண்டுகளைப் பொறுக்கி, ஊதி, பாவாடைக்குள் வைத்து மடித்தாள். புருஷன் பின்னால் இறங்கி நடந்தாள்.

தீ இரண்டு முறை அணைந்தது. ஓட்டின் இடைவெளி வழியாகப் புகை வெளியேறியது. சாலையில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார். அந்தியில் சோறு ஒரு பக்கம் குழைந்து ஒரு பக்கம் அரிசியாக இறங்கியது. கஞ்சித் தண்ணீரோடு ஊற்றி அவள் முன் வைத்தான். அவள் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்பு கூடிப்போச்சா?"

மூன்று வருடத்தில் அவள் இந்த வீட்டில் எதையும் குறை சொல்லி அவன் கேட்டதில்லை.

"கூடிப்போச்சு," என்று சொல்லி, தட்டை மறுபடி நீட்டினாள்.