பீடத்தில் ஒரு கோணல் மூக்கு

கிறிஸ்தவ ஆலயங்களுக்குச் சிலை செய்யும் சுரூபக்காரருக்கு எப்போதுமே வாய் முந்திக்கொள்ளும். "உன் கல்யாணத்துக்கு அவன் வந்தா நான் வர மாட்டேன்" என்று மகளிடம் சொன்னபோதும் அப்படித்தான். அவன் என்றால் கூடப்பிறந்த தம்பி. குடித்துவிட்டு பைக் ஓட்டி, பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணன் மகளுக்கு முழங்காலுக்குக் கீழே ஒரு காலை இல்லாமல் செய்தவன். அன்றைக்கு அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தியவர், அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவன் பேச்சை எடுக்கவே விடவில்லை.

கால் போனவளோ, சித்தப்பா குடியை விட்டுப் பல வருஷம் ஆகிறது, நான் எப்போதோ மன்னித்துவிட்டேன், அவர் வராமல் எனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அவளே அப்படிச் சொல்லிச் சிரித்தாள். அப்பாவுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இந்த இழுபறிக்கு நடுவில் ஆலய வேலை வந்து சேர்ந்தது. சுவருக்கு வெள்ளையடிப்பதற்காகப் பீடத்துக்கு மேலிருந்த இயேசு சுரூபத்தை இறக்கியிருக்கிறார்கள். கயிறு நழுவி முகம் சுக்குநூறாகிவிட்டது, உடம்பு தப்பித்தது. முகத்தை மட்டும் களிமண்ணில் செய்து, அச்செடுத்து, வார்த்து ஒட்ட வேண்டும். மகளுக்குக் கல்யாணம் நடக்கப்போவதும் அதே ஆலயத்தில், அதே பீடத்துக்கு முன்னால். பழைய முகத்துக்கு ஒழுங்கான போட்டோ கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் கல்யாணப் படங்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் பளிச்சென்று நிற்க, ஆண்டவர் பின்னால் மங்கலாகத் தெரிந்தார்.

படம் இல்லாத வேலைக்கு அவரிடம் ஒரு முறை உண்டு. கண்ணை மூடிக்கொண்டு விரல்களை மண்ணில் விடுவார். கண்ணைத் திறந்து வைத்தால் ஏற்கெனவே செய்த சுரூபங்கள் எல்லாம் வந்து வழிமறிக்குமாம். அன்றும் அப்படியே செய்தார். நெற்றி வந்தது, கன்னம் வந்தது, மூக்கு வந்தது. தாடியை ஒட்டிவிட்டுக் கண்ணைத் திறந்தபோது அவருக்கே பரம திருப்தி.

ஆலயத்துப் பங்குச் சாமியார் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எங்கேயோ பார்த்த முகமா இருக்கே."

"ஆண்டவரைத்தானே சாமி சொல்றீங்க? நீங்க பார்க்காம வேற யாரு பார்ப்பா?"

"மூக்கு கொஞ்சம் கோணலோ?"

"கோணலா? வெளிச்சம் அப்படி விழுது."

"சரி, இருக்கட்டும். மனுஷனைத் தம்ம சாயல்லதான் படைச்சாருன்னு சொல்றோம். மனுஷ மூக்கு இருந்தா அவரு கோவிச்சுக்க மாட்டாரு." சாமியார் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சாயங்காலம் மகள் வேலையிலிருந்து திரும்பினாள். செயற்கைக் கால் தரையில் தட்டும் சத்தம் பட்டறை வாசலில் நின்றது.

"சித்தப்பா!" என்றாள்.

சுரூபக்காரர் திடுக்கிட்டு வாசலைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. மகளின் கண்கள் களிமண் முகத்தின் மேல் இருந்தன.

"அப்பா, அப்படியே சித்தப்பாதான். தாடிய எடுத்தா பேசும்போல இருக்கு. அவரு வரக் கூடாதுன்னீங்க. இப்ப நீங்களே கொண்டுபோய்ப் பீடத்துமேல ஏத்தப்போறீங்களே!"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அவர் களிமண் முகத்துக்கு எதிரே போய் நின்றார். பார்க்கப் பார்க்க அவன்தான். எப்படி வந்தான்? யோசித்தபோது விரல்களே பதில் சொல்லின. அம்மா சின்ன வயதிலேயே போய்ச் சேர, தம்பியைக் குளிப்பாட்டியவர் அவர். முட்டிகளுக்கு நடுவில் நிறுத்தி, பின்னாலிருந்து கையை நீட்டி, தினமும் அந்த முகத்தைக் கழுவிவிட்டவர். அந்த மூக்கு கோணலானதும் அவருடைய இடுப்பிலிருந்து நழுவி விழுந்ததில்தான். அதற்காக அவரை யாரும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தவில்லை.

ஆனாலும் அது வேறு, இது வேறு இல்லையா? இடுப்பிலிருந்து நழுவுவதும் குடித்துவிட்டு ஓட்டுவதும் ஒன்றாகுமா? சாமியார் பாட்டுக்குச் சாயல் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்தக் குடிகாரனுக்கும் அதே சாயல்தானா? அப்படியானால் அன்றைக்கு வெளியே தள்ளியது யாரை? நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார்.

கடைசியில், வம்பே வேண்டாம், மூக்கை நிமிர்த்திவிட்டால் அவன் போய்விடுவான் என்று கட்டைவிரலால் அழுத்தி நேராக்கினார். இரண்டடி பின்னால் வந்து பார்த்தார்.

அவரே நின்றார். அச்சு அசல் அவரே. அண்ணன் தம்பிக்குள் அந்த ஒரு கோணலைத் தவிர வேறு வித்தியாசம் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோணல் போனதும் முகத்தில் ஒரு விறைப்பு. இந்த முகத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு எவன் மன்னிப்புக் கேட்பான்? கேட்டால்தான் கிடைக்குமா? அவருக்குப் பயமாக இருந்தது. அந்தக் கோணல் முகமே இதைவிட எவ்வளவோ மேல்.

அவசர அவசரமாக மூக்கைத் திருப்பி வளைத்தார். இடப்பக்கம் வளைத்தால் யாரோ ஒருத்தன் வந்தான். வலப்பக்கம் வளைத்தால் இன்னொருத்தன். சின்ன வயதில் அந்த முகத்தைத் தொட்டதெல்லாம் பின்னாலிருந்துதான், இப்போது எதிரே நின்றால் இடது எது, வலது எதுவென்று குழம்பியது. கண்ணை மூடிப் பார்த்தார். விரல்களில் ஒன்றும் வரவில்லை. அழித்து, வளைத்து, மறுபடி அழித்து, கடைசியில் மூக்கு இருந்த இடத்தில் வெறும் மண் உருண்டைதான் மிஞ்சியது.

"அம்மாடி!" என்று கூப்பிட்டார். "அவனுக்குப் போன் போடு."

மகள் பட்டறை வாசலுக்கு வந்தாள். "யாருக்குப்பா?"

"தெரியாத மாதிரி கேக்காத. மூக்கு எந்தப் பக்கம் கோணல்னு கேளு. வேலை நிக்குது."

அவள் எண்ணை அழுத்தி, போனை அவர் காதில் வைத்தாள். அவர் கையெல்லாம் மண்.

"சொல்லும்மா" என்றது மறுமுனை.

கேட்க வந்த கேள்வி சுரூபக்காரருக்கு மறந்துவிட்டது. எப்போதும் முந்திக்கொள்ளும் வாய் அப்படியே நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் போனுக்குள் போனது.

மறுமுனை மெதுவாக, "அண்ணே?" என்றது.

"நேர்ல வாடா" என்றார் அவர். "பார்க்காம செய்ய வரல."