தனகோடியின் கையுறை

கோவிந்தம்மாள் தேங்காய் நாரை வைத்துப் புருஷனின் நகங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். போஸ்ட்மார்ட்டம் முடிந்து வேலூரிலிருந்து வந்த உடலில் முகமும் கைகளும்தான் துணிக்கு வெளியே இருந்தன. ஆம்பூர் தோல் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் தோல் பதனிடும் குரோம் தண்ணீரில் ஊறிய கைகள். நகத்தின் ஓரமெல்லாம் நீலம். அது சோப்புக்கும் போகவில்லை, நாருக்கும் போகவில்லை.

"போதும்மா, உடு," என்றாள் மகள் ஜோதி.

"கிளவுஸ் குடுத்தாங்களேடி, போட்டா இன்னா? மாஸ்க்கு குடுத்தாங்களே, அதைப் போட்டுக்கினு எறங்கியிருந்தா இப்டி ஆகியிருக்குமா? யோவ், ஏன்யா இப்டி பண்ண?"

முந்தின நாள் காலை கம்பெனியின் கழிவுநீர்த் தொட்டியில் அடைப்பெடுக்க இறங்கிய தனகோடி, விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டார். கொடுத்ததைப் போட்டுக்கொள்ளாமல் உயிரை விட்ட அஜாக்கிரதைக்காரர் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கவா போகிறார்?

ஜோதிக்குத்தான் உண்மை தெரியும். காட்பாடியில் டிசைன் படித்துவிட்டு, நிசார் அஹமதுவின் பேனர் கடையில் டிசைனராக இருக்கிறாள். போன வருஷம் வெளிநாட்டு வியாபாரிகளிடம் காட்ட அந்தக் கம்பெனி ஒரு வண்ணப் புத்தகம் கேட்டது. அதற்காக அவர்கள் எடுத்து அனுப்பிய படத்தில், வெறுங்கையால் ஈரத்தோலைத் தூக்கிக்கொண்டு நின்றவர் அவளுடைய அப்பா.

"கிளவுஸ், மாஸ்க் எல்லாம் போட்டுரும்மா. பார்க்கிறவன் கேப்பான்," என்றார் மானேஜர் பிரேம்நாத்.

அவளும் போட்டாள், கம்ப்யூட்டரில். ரப்பரின் மடிப்பு, அதன் மேல் விழும் வெளிச்சம் எல்லாம் அச்சு அசலாக வர இரண்டு நாள் உட்கார்ந்தாள். முதல் பெரிய வேலை என்று தலைகால் புரியாத கர்வம் வேறு. அப்பா அந்தப் பக்கத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி, "டாக்டர் மாதிரி இருக்கேன் பாருடி," என்று பெண்டாட்டியிடம் சிரித்தார். கிளவுஸ் எங்கே என்று அவள் கேட்டபோதெல்லாம், மகளின் வேலையைப் பொய்யென்று சொல்ல மனசு வராமல், "கை வேர்க்குது, அங்கியே வெச்சிட்டேன்," என்று சமாளித்தார்.

பதினோரு மணிக்குப் பிரேம்நாத் மாலையோடு வந்தார். விசாரணைக்காக எஸ்.ஐ.யும் வந்தார். மானேஜரின் கை நேராகச் சுவரைக் காட்டியது.

"பாருங்க சார். எல்லாம் குடுத்திருக்கோம்."

எஸ்.ஐ. கோவிந்தம்மாளிடம் திரும்பினார். "குடுத்தாங்களாம்மா?"

"குடுத்தாங்க சார். இந்த மனுஷன்தான் போடல."

ஜோதி வாயைத் திறந்தாள். அத்தனை பேர் முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. எஸ்.ஐ. நோட்டில் எழுதிக்கொண்டார்.

"கண்ணீர் அஞ்சலி பேனர் கம்பெனியே வெக்கும்மா," என்றார் பிரேம்நாத், குரலைத் தாழ்த்தி. "அந்த போட்டோவையே போட்டுரு. கம்பீரமா இருக்கு. நாலு மணிக்கு எடுக்கறப்ப வர்றேன்."

"சரி சார்," என்றாள்.

நிசார் அஹமது அவளுக்காகக் கடையின் ஷட்டரைத் தூக்கினார். ஜோதி பழைய ஃபைலைத் திறந்தாள். அவள் வரைந்தவை எல்லாம் அசல் படத்தின் மேல் அடுக்கடுக்காக அப்படியே இருந்தன. முகமூடி இருந்த அடுக்கை மறைத்தாள். படம் எடுக்கிறார்களே என்று கூச்சத்தோடு சிரிக்கும் அப்பாவின் முகம் வந்தது. கையுறை அடுக்கையும் மறைத்தாள். அந்த நீல நகங்களைப் பார்த்ததும், சாவுச் செய்திக்குக்கூட வராத அழுகை பீறிட்டு வந்தது.

"இதுதான் அசலா?" என்றார் நிசார் அஹமது. கடையில் பாதி வேலை அந்தக் கம்பெனி கொடுப்பது.

"ஆமா பாய்."

அவர் போய் மெஷினைப் போட்டார்.

"சைஸ் இன்னாம்மா?"

"பத்துக்கு எட்டு பாய். கை நல்லாத் தெரியணும்."

நாலு மணிக்குப் பேனர் தெருமுனையில் நின்றது. பிரேம்நாத்தின் கார் வந்தது. அதன் கதவு திறக்கவில்லை. கூட்டத்தை ஒழுங்கு செய்துகொண்டிருந்த எஸ்.ஐ. அண்ணாந்து பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

பாடையின் பின்னால் வந்த பெண்கள் வழக்கம்போல முனையோடு நின்றார்கள். கோவிந்தம்மாளின் ஒப்பாரி பாதியில் நின்றது.

"கிளவுஸ் எங்கடி?"

"குடுக்கவே இல்லம்மா. அது நான் வரைஞ்சது."

அடிப்பாள் என்று ஜோதி நினைத்தாள். கோவிந்தம்மாள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேனர் கிட்டே போய், தன் உயரத்துக்கு எட்டிய புருஷனின் கையைத் தொட்டாள். அவசரத்தில் அடித்த மை இன்னும் காயவில்லை. விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைப் புடவையில் துடைக்காமல், விரலை அப்படியே உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.