எண்ணெய்க்கார ஃபுல்பேரின் மூக்கு

எங்கள் தீவில், கப்பெஸ்தேர் ஊர்ச் சந்தையில் என் கடைக்கும் ஃபுல்பேரின் கடைக்கும் நடுவே ஒரு தூண்தான். தூணுக்கு இந்தப் பக்கம் என் கிழங்குகளும் வாழைக்காயும்; அந்தப் பக்கம் அவருடைய எண்ணெய்க் குப்பிகள். பதினேழு வருஷமாகப் பக்கத்துக் கடை. ஆகையால் அவர் மூக்குக்கு நேர்ந்ததைச் சொல்ல, அவர் மனைவி சிதோனிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் உரிமை உண்டு.

சாதாரண மூக்கில்லை அது. தலைக்கு, தோலுக்கு, சமையலுக்கு என்று மூன்று வகையாக அவர் எண்ணெய் விற்றார். இலையோ விதையோ பட்டையோ போட்டு ஊறவைத்து வடிகட்டிய எண்ணெய்கள். ஒரு குப்பியிலும் சீட்டு ஒட்டியிருக்காது. கேட்டால், “மூக்குன்னு ஒண்ணு இருக்கறப்ப சீட்டு எதுக்கு?” என்பார். யாராவது தலைக்கு எண்ணெய் கேட்டு வந்தால், அவள் தலைத்துணிக்கு ஒரு சாண் தள்ளி நின்று கண்ணை மூடி முகர்வார். பிறகு கையை நீட்டி ஒரு குப்பியை எடுப்பார். சமையலுக்கு என்று வந்தவளிடம், அவள் வாய் திறப்பதற்குள், “நேத்து கருவாடு, அதுக்கு முந்தின நாள் கோழி. சரியா?” என்று கேட்பார். சரியாகத்தான் இருக்கும். அதுதான் எரிச்சல்.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுத்தார். காய்ச்சல் போயிற்று, சளி போயிற்று. வாசனையும் கூடவே போயிற்று. அதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை.

சிதோனிதான் தூணுக்குப் பின்னால் என்னை இழுத்துச் சொன்னாள்.

“லுதிவின், நேத்து சீமைப்பலாவை அடுப்புல கருக விட்டுட்டேன். வீடு பூரா புகை. இந்த மனுஷன் மேஜைல வந்து உக்காந்துக்கிட்டு, ‘இன்னிக்கு நல்லா கமகமன்னு இருக்கே’ன்றாரு.”

“ஐயையோ! கேட்டுட வேண்டியதுதானே?”

“நான் ஏன் கேக்கணும்? அவரே சொல்லட்டும். முப்பத்தோரு வருஷமா பானையைத் தொறக்கறதுக்குள்ள பூண்டு ஜாஸ்தி, மிளகு கம்மின்னு சொன்ன மூக்கு. கொஞ்ச நாள் லீவுல இருக்கட்டும். எனக்கும் லீவு.”

அவர் சொல்லவில்லை. முன்னைவிடப் பிரமாதமாக முகர ஆரம்பித்தார். முன்பெல்லாம் ஒரு தடவை இழுப்பவர் இப்போது மூன்று தடவை இழுத்தார், தலையை ஆட்டினார், “ம்ம்ம்” என்றார். அவர் எடுத்துக் கொடுக்கும் குப்பியைப் பழைய செய்தித்தாளில் சுற்றுவது சிதோனியின் வேலை. சுற்றுகிற சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டு, மூடியைத் திறந்து தன் மூக்கால் பார்த்து, தப்பாக இருந்தால் சரியானதை வைத்துச் சுற்றிவிடுவாள். வாங்குகிறவர்களும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இரண்டாம் வாரம் முடிவதற்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. மீன்காரி ஒரு துணிச் சுருட்டை அவர் மூக்கடியில் நீட்டி, “அண்ணே, புது மீனான்னு பாருங்க” என்றாள். ஃபுல்பேர் கண்ணை மூடி ஆழமாக இழுத்தார். “விடியக்காலைல பிடிச்சது. கடல் வாசம் அப்படியே இருக்கு” என்றார். சுருட்டுக்குள் இருந்தவை அவள் மகனின் கால்பந்துக் காலுறைகள். நான் கிழங்குக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டு சிரித்தேன். அவர் கேட்டார், “லுதிவினுக்கு என்ன, இருமலா?”

இப்படியே போயிருக்கும். எர்மினி அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானதால் போகவில்லை.

எர்மினி அக்கா நாற்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். வயது அறுபத்து நான்கு. மாப்பிள்ளை அன்செல்முக்கு அறுபத்தேழு. ரொட்டிக்கடையில் அடுப்படியிலேயே வாழ்நாளைக் கழித்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அக்கா குடையை மடக்கிக்கொண்டு ஃபுல்பேர் முன்னால் வந்து நின்றாள்.

“தம்பி, எனக்கு மூணு எண்ணெய் வேணும். தலைக்கு ஒண்ணு, மேலுக்குப் பூச ஒண்ணு, சமையலுக்கு ஒண்ணு. புது வீட்டுக்குப் போறேன், எல்லாம் புதுசா இருக்கணும். உன் மூக்கால எடுத்துக் குடு.”

சிதோனி கையைக் கட்டிக்கொண்டு தூணில் சாய்ந்தாள். உதவப் போவதில்லை என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

ஃபுல்பேர் சமையலில் ஆரம்பித்தார். அதில் பயமில்லை. ருக்கூ விதை போட்டுக் காய்ச்சிய எண்ணெய் குங்குமச் சிவப்பு. கண் இருந்தால் போதும்.

“மீன் குழம்புக்கு இதை விட்டா நிறமும் வரும், ருசியும் வரும். அடுப்பைக் கம்மியா வைங்க. புகைய விட்டா கசந்துடும்.”

“அதை அவர்கிட்ட சொல்லு. சமையல் அவர்தான். நான் சாப்பிடறதுக்குத்தான் கல்யாணம் பண்ணிக்கறேன்.”

அடுத்தது தலை. ரோஸ்மேரி இலை ஊறின விளக்கெண்ணெய். ஃபுல்பேர் மூன்று குப்பிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தார். ஒன்றில் மட்டும் காற்றுக்குமிழி சோம்பேறியாக ஊர்ந்து மேலே போயிற்று. விளக்கெண்ணெய் கெட்டி. அதை எடுத்து, மறக்காமல் மூன்று தடவை முகர்ந்தார்.

“நெத்தி ஓரத்துல மட்டும் விரலால தொட்டுத் தேய்ங்க, அக்கா. தலை பூரா ஊத்தினா கல்யாணத்தன்னிக்குத் தொப்பி வழுக்கி மடியில விழும்.”

கெட்டிக்காரர்தான் என்று எனக்கே தோன்றியது. மிச்சமிருந்தது தோல் எண்ணெய். அங்கேதான் மாட்டிக்கொண்டார்.

“இதுல மட்டும் ஜாக்கிரதை” என்றாள் எர்மினி அக்கா. “வெனிலா வேண்டவே வேண்டாம். அவர் முப்பத்தஞ்சு வருஷம் கேக் மாவுல வெனிலா ஊத்தினவரு. அந்த வாசனை பட்டா இன்னும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அடுப்பு பத்தவைக்கப் போயிடறாரு. எலுமிச்சைப்புல் குடு.”

எலுமிச்சைப்புல்லும் சரி, வெனிலாவும் சரி, தேங்காய் எண்ணெயில் ஊறினவை. இரண்டும் ஒரே வெளிர் மஞ்சள், ஒரே கனம். குமிழி ஒரே வேகத்தில் ஓடும். ஃபுல்பேர் இரண்டு வரிசைகளையும் பார்த்தார். முகர்ந்தார். வியர்த்தார். பிறகு ஒரு குப்பியைத் தூணைத் தாண்டி என்னிடம் நீட்டினார்.

“லுதிவின், பதினேழு வருஷமா பக்கத்துல இருக்கியே, ஏதாவது கத்துக்கிட்டியான்னு பாப்போம். இது என்ன, சொல்லு?”

“எனக்கு என்ன அண்ணே தெரியும்? கிழங்கு விக்கறவளுக்கு மண்ணு வாசனைதான் தெரியும்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. உடனே சமாளித்துக்கொண்டார்.

“அக்கா, இது கொஞ்சம் பழசு. உங்களுக்கு வியாழக்கிழமை புதுசா எடுத்து வைக்கறேன்.”

“பழசு, புதுசுன்னு மோந்தே சொல்லிடறான் பாரேன்” என்று சொல்லிவிட்டு எர்மினி அக்கா குடையை விரித்தாள். சிதோனி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை. சிதோனி சொன்னாள், நடித்தும் காட்டினாள்.

அன்று சாயங்காலம் ஃபுல்பேர் இரண்டு வரிசையிலிருந்தும் ஒவ்வொரு குப்பி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். சட்டையைக் கழற்றினார். இடது கையில் ஒரு எண்ணெய், வலது கையில் இன்னொன்று. கொல்லையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். எலுமிச்சைப்புல் வாசனைக்குக் கொசு வராது; வெனிலா பூசின கைக்கு வரும். தன் மூக்கு சொல்லாததைக் கொசு சொல்லட்டும் என்பது அவர் கணக்கு. யோசித்துப் பார்த்தால் நல்ல கணக்குதான்.

முக்கால் மணி நேரம் கழித்து அடுக்களைக்குள் வந்தார். இரண்டு கைகளும் தடித்துச் சிவந்திருந்தன.

“சிதோனி, நம்ம எலுமிச்சைப்புல் எண்ணெய் பொய்யி.”

“என்னய்யா சொல்றே?”

“பாரு. ரெண்டு கையையும் ஒரே மாதிரி தின்னிருக்கு. இருபது வருஷமா ஊரை ஏமாத்திட்டேன். நாளைலேர்ந்து கடை கிடையாது. போட்டதெல்லாம் ஓடையில ஊத்திடலாம்.”

சிதோனிக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எலுமிச்சைப்புல் எண்ணெய் தீர்ந்துபோய் எட்டு நாள் ஆகியிருந்தது. புதியது வீட்டு ஜாடியில் ஊறிக்கொண்டிருந்தது. வரிசை வெறுமையாகத் தெரியக்கூடாதென்று அங்கேயும் அவளே வெனிலாக் குப்பிகளை அடுக்கி வைத்திருந்தாள். மனுஷன் இரண்டு கையிலும் வெனிலாவைப் பூசிக்கொண்டு கொசுவுக்கு விருந்து வைத்திருக்கிறார்.

அவள் சிரித்தாள். சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் விளையாடவில்லை. மூக்கு போய்விட்டது என்று சொல்வதைவிட, இருபது வருஷ உழைப்பே பொய் என்று கடையை மூடிவிடத் தயாராக நின்றார். அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம். எழுந்து, இரண்டு குப்பிகளையும் அவர் முன்னால் வைத்தாள்.

“யோவ் ஃபுல்பேர். இதுல எது எலுமிச்சைப்புல்?”

அவர் குப்பிகளைப் பார்த்தார். முகரவில்லை.

“தெரியல” என்றார். குப்பிகளைத் தள்ளி வைத்துவிட்டு, “மூக்கு போயிடுச்சு, சிதோனி” என்றார்.

“எப்போ?” என்று கேட்டாள், ஒன்றும் தெரியாதவள் போல.

“காய்ச்சல்லேர்ந்து.”

“அட பாவி மனுஷா. பதினெட்டு நாளு! என்கிட்டகூட சொல்லணும்னு தோணலையா?”

“சொன்னா நீ சிரிப்பே.”

“சொல்லாததுக்கே எவ்வளவு சிரிச்சேன்னு உனக்குத் தெரியாது.”

எல்லாவற்றையும் சொன்னாள்: சீமைப்பலா, காலுறை, செய்தித்தாளுக்குள் மாறிய குப்பிகள். தெரியாதவர் சந்தையில் யாரென்று அவர் கேட்டதற்கு நெடுநேரம் யோசித்துவிட்டு, “கறிக்கடை நாய்” என்றாள். “அதுக்கும் சந்தேகம் உண்டு.”

ஃபுல்பேர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அப்போ போன வாரம் முகத்துக்கு எண்ணெய் கேட்டு வந்த டீச்சரம்மாவுக்கு நான் குடுத்தது?”

“முகத்துல பூசறதுக்குப் பூண்டெண்ணெய் குடுத்தே. நான் மாத்தினேன்.”

அவள் சுண்ணாம்பு டப்பாவைத் தேடி எடுத்து, தடிப்புகளில் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாள்.

“திரும்பி வரலைன்னா என்ன பண்றது?”

“வரலைன்னா என் மூக்கு இருக்கு. உன்னுது மாதிரி பெரிசு இல்ல. ஆனா வேலை செய்யுது.”

வியாழக்கிழமை காலை சிதோனி ஜாடியைத் திறந்து, மெல்லிய துணியில் எண்ணெயை வடிகட்டி, முகர்ந்து பார்த்துக் குப்பியில் அடைத்தாள். எர்மினி அக்கா வந்தபோது ஃபுல்பேர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். ஏதோ சாவு வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

“அக்கா, உங்ககிட்ட உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு வாசனை தெரியறதில்லை. இதை எடுத்தது சிதோனி.”

“தெரியுமே” என்றாள் எர்மினி அக்கா. “செவ்வாய்க்கிழமை எதுக்கு வந்தேன்னு நினைச்சே? எண்ணெய் எனக்கு அடுத்த மாசம்தான் வேணும். ‘ஃபுல்பேர் நடிக்கிறதைப் போய்ப் பாருங்க, டிக்கெட் இல்லாத நல்ல நாடகம்’னு மீன்காரிதான் அனுப்பினா.”

சந்தை முழுக்கச் சிரித்தது. ஃபுல்பேரின் காது ருக்கூ எண்ணெய் நிறத்துக்கு வந்தது. ஆனால் அவரும் கடைசியில் சிரித்தார், கொஞ்சம் கோணலாக.

அக்கா குடையை மேஜைமேல் வைத்துவிட்டு, நர்ஸ் குரலுக்கு மாறினாள்.

“காலையிலயும் சாயங்காலமும் நாலு பொருளை மோந்து பாரு. காப்பித்தூள், கிராம்பு, எலுமிச்சம்பழத் தோலு, ரோஸ்மேரி. ஒவ்வொண்ணும் மெதுவா. அது எப்படி இருந்துச்சுன்னு மனசுல நினைச்சுக்கிட்டே மோந்து பாரு. சிலருக்குத் திரும்பி வருது, சிலருக்கு வரல. சத்தியம் பண்ண மாட்டேன். விடாம செய்.”

விடாமல் செய்தார். கடையில் ஏற்பாடும் மாறியது. அவர் கேள்வி கேட்பார்: முடி உதிர்கிறதா, தோல் எரிகிறதா, வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள் என்று. சிதோனி முகர்ந்து எடுப்பாள். முன்பு ஒரு நிமிஷத்தில் போனவர்கள் இப்போது கால் மணி நேரம் நின்று வீட்டுக் கதையெல்லாம் சொன்னார்கள். எனக்கும் நல்லதுதான், நிற்கிறவர்கள் கிழங்கும் வாங்கினார்கள்.

எர்மினி அக்காவின் கல்யாணம் நடந்தது. அன்செல்ம் தன் கையாலேயே மீன் குழம்பு வைத்தார். ஃபுல்பேர் மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, “காரம் தெரியுது, உப்பு தெரியுது, மத்ததை நீங்க சொல்லிக்குங்க” என்றார்.

நான்காவது மாதம், ஒரு சனிக்கிழமை மத்தியானம், சந்தை வாசலில் பாஸ்தேர் போகிற பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கறுப்புப் புகை குபுகுபுவென்று வந்தது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினோம். ஃபுல்பேர் மட்டும் குப்பியைக் கீழே வைத்துவிட்டு, மெல்ல நடந்து போய், புகைக்கு நேராக நின்றார். இழுத்தார். மறுபடி இழுத்தார்.

“அண்ணே, உங்களுக்குப் பைத்தியமா?” என்று கத்தினேன்.

“டீசல்!” என்று அவரும் கத்தினார். “லுதிவின், டீசல்! ஏ சிதோனி, இங்க ஓடி வா!”

சிதோனி கையைத் துடைத்துக்கொண்டே ஓடினாள். இருமிக்கொண்டே அவர் பக்கத்தில் போய் நின்றாள். டிரைவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, “ஏறறீங்களா, இல்லையா?” என்று கேட்டான்.

“கொஞ்சம் இருப்பா” என்றாள் சிதோனி. “இன்னும் ரெண்டு நிமிஷம் உறுமிட்டுப் போ.”